கிராம் கணக்கு

குவாவுக்குப் போகும் சாலையில்
பழைய பட்டுக்கூட்டுக் கிடங்குதான் இப்போது ஆய்வுக்கூடம்.
கதவைத் திறந்தால் முதலில் வாசனை:
வெந்நீரில் அவிந்த பார்லி, கொஞ்சம் பூஞ்சை,
அப்புறம் அந்துப்பூச்சிகளின் சிறகுத்தூள்.
பதினோரு வருடமாக அதைச் சுவாசிக்கிறாள் சுல்ஹுமோர்.
மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியும்
இரவில் இருமினால்
தலையணை உறையில் சாம்பல் மினுங்கும்.

பார்லிக்குள் புழு. புழுவிலிருந்து அந்து.
அந்து இட்ட முட்டைகளைச்
சல்லடையில் அரித்து, விசிறிக் காற்றில் தூற்றினால்
வெளிறிய ரோஜா நிறத்தில்
ஒரு கிராம்.
ஒரு கிராமில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் உயிர்.
உயிர் என்று அங்கே யாரும் எழுதுவதில்லை,
பேரேட்டில் அதற்குத் தீனி என்று பெயர்.

தீனியைக் கண்ணாடிச் சாடியில் கொட்டிக்
குளவிகளை விடுவாள்.
குளவி என்றதும்
ஜன்னல் மூலையில் மண் குழைப்பதை நினைக்க வேண்டாம்.
இது கொட்டாது. ரீங்காரம் கிடையாது.
ஒரு முற்றுப்புள்ளியை நான்காய் நறுக்கி
ஒரு துண்டுக்குச் சிறகு வைத்தால்
கிட்டத்தட்ட இதுதான்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
இங்கே புழு என்று ஒன்று ஆவதற்கே
அவகாசம் இல்லை.
முட்டைக்குள் முட்டை வைத்தாகிவிட்டது.
நான்காம் நாள் கறுக்கும்.
பத்தாம் நாள்
ஓட்டில் ஊசித்துளை போட்டு வெளியேறுவதற்கு
அந்துவின் சாயல் துளியும் கிடையாது.

ஜூலையில் மூன்றாம் பெட்டிக்குள் செள் புகுந்தது.
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாய்.
புழுக்களைத் தின்று, போதாமல்
சனோபரின் இடுப்பை,
சுல்ஹுமோரின் அக்குளை,
கணக்கெழுதும் பையனின் கழுத்தைப் பதம் பார்த்தது.
சொறிந்துகொண்டே
நாற்பது தட்டு பார்லியைக் கொதிநீரில் கொட்டினார்கள்.
அந்த வாரக் கூலியில் பாதியும் சேர்ந்து வெந்தது.
"நம்மையும் தீனியில் சேர்த்துவிட்டார்களடி"
என்று சிரித்தாள் சனோபர்.
சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

விடிவதற்கு முன் பருத்தி வயல்.
பத்தடிக்கு ஒருமுறை நின்று
சாடியிலிருந்து ஒரு சிட்டிகை,
திருநீறு எடுப்பது போல் மூன்று விரலால்,
இலையடியில்.
வாய்க்காலோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
மிர்வலி கேட்டார்:
"யாரும் வந்ததைப் பார்க்கவில்லை.
யாரும் செத்ததையும் பார்க்கவில்லை.
எதற்காக நான் காசு கொடுக்கிறேன்?"

ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள்.
போன தடவை விட்டதன் வேலை.
காய்ப்புழு ஆகவேண்டிய முட்டை
நரம்போரம் கறுத்து உட்கார்ந்திருந்தது.
மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்து வந்தவர்
குனிந்தார், நிமிர்ந்தார்,
விரலால் தேய்த்தார்.
"அழுக்கு" என்றார்.
தேய்த்ததில் அது நிஜமாகவே அழுக்காகிவிட்டது.
அவள் வாதாடவில்லை.
இன்னும் பதினேழு வரிசை பாக்கி,
வெயில் ஏறிவிட்டால் குளவிகள் தாங்காது.

ராத்திரி மாவு பிசைய உட்கார்ந்தபோது
கட்டைவிரல் நகத்தடியில் ஏதோ ஒரு கறுப்பு.
கழுவப் போனவள் நின்றாள்.
கறுப்பிலிருந்து ஒன்று கிளம்பி
நகத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.
விளக்கருகே கையைக் கொண்டுபோனாள்.

உணர்கொம்பால் தட்டித் தட்டி
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்,
பிறகு குறுக்கே,
பிறகு மறுபடி நெடுக்கே அளந்தது.
பதினோரு வருடத்தில் ஒன்றை மட்டும் தனியாக
அவள் பார்த்ததில்லை.
எப்போதும் கிராமில்தான் பழக்கம்.

மூச்சு படக்கூடாது என்று
இருமலை அடக்கிக்கொண்டாள்.
அளந்து முடிந்தது போலும்.
இவ்வளவு பெரிய முட்டை
சரிப்படாது என்று விட்டதோ என்னவோ,
அடுத்த முறை கண்ணிமைத்தபோது
நகத்தில் மாவு மட்டும் இருந்தது.